நாற்பத்துநாலு பதக்கங்கள், அறுபது டொலர்

ஜனவரி 21, செவ்வாய்

நேற்று அமெரிக்காவில் பதவியேற்பு. இன்று காலை கடை திறக்க முன்னமே நாலு பேர் ஜனாதிபதிப் பதக்கங்களோடு வாசலில் நிற்கிறார்கள். நாலு வருடத்துக்கொரு முறை வருகிற காய்ச்சல் இது. தொலைக்காட்சியில் சத்தியப்பிரமாணம் நடந்தால் போதும், அலுமாரிக்குள் கிடக்கும் தகரமெல்லாம் இவர்களுக்குச் சொத்தாகிவிடும்.

முதல் ஆள் வெல்வெட் பெட்டியோடு வந்தான். தபாலில் மாதம் ஒன்றாக வாங்கிச் சேர்த்த நாற்பது பதக்கம். பதக்கத்தைக் காட்டுமுன் அத்தாட்சிப் பத்திரத்தை நீட்டினான். நல்ல சாமானுக்கு எவனும் பத்திரத்தை முதலில் நீட்டுவதில்லை. தங்கமுலாம், நகத்தால் சுரண்டினால் வரும். "இது தங்கம் இல்லையா?" என்றான். தங்கத்தைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறது என்றேன்.

நாலாவதாக வந்த பெண்மணி கொண்டுவந்தது உண்மையான சாமான். 1860களின் தேர்தல் தோக்கன், நாணயம் மாதிரியான பிரசார வில்லை, சட்டையில் கட்டிக்கொள்ளத் துளை போட்டது. அதை யாரோ பற்பசையால் பளபளவென்று மினுக்கி வைத்திருந்தார்கள். பழைய உலோகத்தின் கறுப்பை எடுத்தால் பாதி விலை போய்விடும் என்று சொன்னேன். அழுதாள். முதலாளி யானி கண் துடைக்க ரிஷுத் தாள் நீட்டினார். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இருபத்திரண்டு வருடம் யானியின் கடையில். எல்லைக்கு இந்தப் பக்கம், ஸ்காபரோவில், வெக்ஸ்போர்ட், லோறன்ஸ் றோட்டு, சவர்மாக் கடைக்கும் பல் வைத்தியருக்கும் நடுவில். நாணயம் அவர் பார்ப்பார், பதக்கமும் தோக்கனும் நான். என் கண்ணுக்கு இந்த நகரத்தில் ஒரு பெயர் இருக்கிறது. பெயரைப் பயன்படுத்தத்தான் தகுந்த ஆட்கள் வருவதில்லை.

ஜனவரி 30

இன்று வந்தவை பதினொன்று. உண்மையானவை சைபர். மனிதர்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

பெப்ரவரி 6, வியாழன்

அமெரிக்கா எங்கள் சாமானுக்கு வரி போடப்போகிறதென்ற கோபத்தில், இந்த வாரம் ஊர் முழுக்க அமெரிக்கச் சாமானுக்கு எதிராக வீரம் காட்டுகிறது. கடையில் தக்காளியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்த நாடென்று வாசித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள். அந்த வீரம் எங்களிடமும் வந்து சேர்ந்தது: "இந்த அமெரிக்கச் சனியன் வீட்டில் வேண்டாம், எவ்வளவு தருவாய்?" தேசபக்தியையும் விலை கேட்டுத்தான் செய்கிறார்கள்.

மத்தியானம் ஒரு தமிழ்ப் பெண்மணி. அறுபத்துமூன்று, அறுபத்துநாலு இருக்கும். பேபி என்று பெயர் சொன்னா. டோர்செட் பார்க் அடுக்குமாடியிலிருந்து பஸ் மாறி வந்தாவாம். வேலை பி.எஸ்.டபிள்யூ: வீடு வீடாகப் போய் வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு தீத்துவது. அவ பார்த்த கிழவர் கார்த்திகையில் செத்துப்போனாராம். வீட்டைத் துப்புரவாக்கிய மகள், "உங்களுக்கு வேணுமென்றால் எடுங்கோ, இல்லாவிட்டால் குப்பை" என்று ஒரு பெட்டியைக் கொடுத்திருக்கிறாள். தூண்டில் சாமான் வைக்கிற பச்சைப் பெட்டி. திறந்ததும் மீன் நாற்றம்.

"தம்பி, உதுகள் என்னவெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?"

நாற்பத்துநாலு. எல்லாம் நாணயசாலை சுற்றுலாக்காரருக்கு விற்கிற வெண்கலப் பிரதிகள். ஒன்று மட்டும் கறுத்து, ஜனாதிபதியின் கன்னம் உள்ளே போய் நசுங்கிக் கிடந்தது. நசுங்கியதையும் விடாமல் கொண்டு வருகிறார்கள்! இரண்டு நிமிடத்தில் மூடினேன். பேரப்பிள்ளையளுக்கு விளையாடக் குடுங்கோ என்றேன்.

அவ போகவில்லை. "ஒரு கடுதாசி எழுதித் தருவியளோ? ஏஜென்சியில நூறு டொலருக்கு மேலயெண்டா நாங்கள் ஒண்டும் வாங்கக் கூடாது. பிறகு கரைச்சல்."

அறுபது டொலர்க் குப்பைக்கு ஒரு மதிப்பீட்டுக் கடிதம்! எழுதினேன், கடையின் தலைப்புத் தாளில்: நாற்பத்துநாலு பதக்கங்கள், நவீன பிரதிகள், மொத்தம் அறுபது டொலர். கையெழுத்தும் போட்டேன். அவ அதை நாலாக மடித்து, பஸ் அட்டை வைக்கும் உறைக்குள் வைத்துக்கொண்டு, மூன்று தரம் நன்றி சொன்னா. மூன்றாவது தரம் நான் தலை நிமிரவில்லை.

பெப்ரவரி 13, வியாழன்

நேற்று இரவு தொடங்கிய பனி. யானி வரமுடியாது என்று அறிவித்துவிட்டார். நான் நடந்து போய்க் கடையைத் திறந்தேன். ஒரு காகமும் இல்லை. பழைய ஏல விபரக்கொத்து ஒன்றை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

எண்பத்தாறாம் பக்கம்.

சமாதானப் பதக்கம். முந்நூறு அடி தள்ளி நின்றும் அடையாளம் சொல்லக்கூடிய சாமான். அமெரிக்க ஜனாதிபதிமார் பழங்குடித் தலைவர்களின் கழுத்தில் போட்டுவிட்டவை. 1801 என்று ஆண்டு போட்ட முதல் வகையை, இரண்டு மெல்லிய வெள்ளித் தகடுகளாக அடித்து, விளிம்பில் ஒரு வளையத்தால் பொருத்தினார்கள். உள்ளே கோறை, வெறும் காற்று. படத்தில் இருந்ததன் நெற்றி கொஞ்சம் உள்ளே போயிருந்தது.

வாசித்துக்கொண்டே அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். பிறகு திரும்பினேன்.

வெண்கலப் பிரதி திடமானது. விழுந்தால் விளிம்பு மழுங்கும், கீறுப்படும். கன்னம் உள்ளே போகாது. கன்னம் உள்ளே போயிருந்தால்—

என்னை நானே கேட்டேன்: டேய் கிருபன், கையில தூக்கிப் பாத்தனியோ?

இல்லை.

ஏன் தூக்கேல்லை? பெட்டி மணத்ததெண்டோ? இல்லை, மனுசி பஸ்ஸில வந்ததெண்டோ? வெல்வெட் பெட்டியில வந்திருந்தா லென்ஸ் எடுத்திருப்பாய்தானே?

பெப்ரவரி 14

பேபியின் தொலைபேசி இலக்கம் கடைப் புத்தகத்தில் இருக்கிறது. எடுக்கவில்லை. ஒருவேளை மின்முலாம் முறையில் செய்த போலியாக இருக்கலாம். அதற்கும் இரண்டு ஓடுதான். ஆனால் உள்ளே ஈயம் ஊற்றியிருப்பார்கள், பாரமாக இருக்கும், நசுங்காது... எனக்கே நான் வக்கீல் வேலை பார்க்கிறேன். அதுவும் தோற்கிற வக்கீல்.

பெப்ரவரி 19, புதன்

றூபனைப் பற்றி இந்த நாட்குறிப்பில் எழுதக் கூடாது என்று இருந்தேன். வீடு விற்கும் முகவர். பொழுதுபோக்குக்கு 'பழைய பொருள் பொக்கிஷம்' என்று யூரியூப்பில் ஒரு சனல். சட்டியும் தெரியாது, சருவமும் தெரியாது, நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்கள். இன்று அவனுடைய புது வீடியோ: 'அமெரிக்க டூப்ளிகேட்: ஏமாறாதீங்கோ மக்களே!'

மேசையில் பச்சைப் பெட்டி.

"ஒரு அன்ரி எங்களுக்கு வீடியோவுக்கெண்டு தந்தவா. வெக்ஸ்போர்ட் கிருபன் அண்ணையே ஃபேக் எண்டு லெட்டர் குடுத்திருக்கிறார், லுக் அட் திஸ்!" என்று என் கையெழுத்தைக் கமராவுக்குக் கிட்டக் கொண்டு வந்தான். பிறகு அந்தக் கறுத்த பதக்கத்தை எடுத்தான். ஒரு துணி. ஒரு போத்தல் வெள்ளி மினுக்கும் மருந்து.

"இப்ப பாருங்கோ மேஜிக்கை."

தேய்த்தான். முகப் பக்கத்தை முழுக்கத் தேய்த்தான். இருநூறு வருடக் கறுப்பு நாற்பது செக்கனில் போனது. சிரித்துக்கொண்டு தேய்த்தான். அது வெள்ளையாக, நிலா மாதிரி வந்தபோதாவது, வெண்கலம் ஏன் வெள்ளையாக வருகிறது என்று அந்த மண்டைக்கு ஒரு கேள்வி வரவில்லை. நாற்பதாயிரம் பேரில் ஒருவனுக்கும் வரவில்லை. கீழே முழுக்கக் கைதட்டல் படங்கள்.

அவனைத் திட்ட எனக்கு என்ன உரிமை? அவன் என் கடிதத்தை நம்பித்தான் தேய்த்தான்.

பெப்ரவரி 20

மார்க்கம் றோட்டில் றூபனின் அலுவலகம். சுவர் முழுக்கப் படங்களில் அவனுடைய பல்.

"அண்ணை, வீடியோ பாத்தனீங்களோ? உங்களுக்கு ஃபுல் கிரெடிட் குடுத்தனான்!"

பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். தந்தான். முதல்முறையாகக் கையில் எடுத்தேன். அவ்வளவு இலேசு; அன்றைக்கே தூக்கியிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். விளிம்பைச் சுற்றிப் பொருத்திய வளையம். மேலே வெள்ளிக் கண்ணி, உட்புறம் தேய்ந்து. பின்பக்கம் நல்லவேளை கறுப்பாகவே இருந்தது: கைகுலுக்கும் இரண்டு கை. ஒன்று பொத்தான் வைத்த சட்டைக் கை, மற்றது வெறுங்கை. சமாதானமும் நட்பும் என்று எழுத்து. எந்தக் கை எதைக் கொண்டு போனது என்று உலகத்துக்கே தெரியும்.

"அன்ரி சொன்னவா, திருப்பித் தரத் தேவையில்லையாம். உங்களுக்கு வேணுமெண்டா எடுங்கோ அண்ணை. கார்பேஜ்தானே."

எடுத்தேன். அது என்ன சாமான் என்று அவனுக்குச் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு கெனடி பஸ் எடுத்து வீட்டுக்கு வந்தேன்.

பெப்ரவரி 22

மேசை லாச்சிக்குள் இருக்கிறது. மூன்றாம் நாள். மினுக்கியதற்கு விலை குறைத்துப் பார்த்தாலும் ஸ்காபரோவில் ஒரு கொண்டோ வீட்டுக்கு முற்பணம் கட்டலாம். நானும் இந்த வாடகை அறையில் பதினாறு வருடம்.

பெப்ரவரி 23, ஞாயிறு

காலையில் தொலைபேசி. பேபி.

"தம்பி, குறை நினைக்காதேங்கோ. உவன் றூபன் உங்கட கடுதாசியை வீடியோவில காட்டிப்போட்டான். உங்களை வைச்சுப் பகிடி பண்ணினது போல கிடந்தது. எனக்கு ரெண்டு நாளா மனம் சரியில்லை. நான் குடுத்திருக்கக் கூடாது."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறா. என்னிடம்! லாச்சியில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை பேரைப் பார்த்து முகத்தைச் சுழித்திருப்பேன், இப்படி ஒரு அருவருப்பு எவர் மேலும் வந்ததில்லை.

"நான் அங்கை வாறன் அக்கா" என்றேன்.

பதினாலாம் மாடி. உருளைக்கிழங்கு வதங்கும் மணம். மேசையில் பதக்கத்தை வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். என்ன சாமான், என்ன விலை போகும், தொட்டுப் பார்க்காமல் எழுதியது, மூன்று நாள் வைத்திருந்தது. விலையைக் கேட்டதும் அவ கதிரையில் இருந்துவிட்டா. அடுப்பை நிற்பாட்ட நான்தான் எழும்பினேன்.

"அப்ப உங்கட கடுதாசி பிழை" என்றா.

"ஓம்."

"அந்தக் கடுதாசியைக் காட்டித்தானே நான் உதை எடுத்தனான். கடுதாசி பிழையெண்டா நான் எடுத்ததும் பிழைதானே."

வாதாடினேன். மகள் குப்பையில் போடச் சொன்ன சாமான், சட்டப்படி உங்கட, விற்றால் நாளைக்கே வேலையை விடலாம் அக்கா, முழங்கால் நோவோடு மற்றவர்களைத் தூக்கத் தேவையில்லை.

"நான் சட்டத்தைக் கேக்கேல்லை தம்பி. அவற்ற மகள் செலீனுக்குத் தெரிஞ்சிருந்தா தந்திருப்பாளோ? புதுக் கடுதாசி ஒண்டு எழுதுங்கோ. பிழை விட்டிட்டனெண்டு எழுதுங்கோ. ரெண்டு பேருமாக் கொண்டுபோய்க் குடுப்பம்."

இப்படியான நேர்மையும் ஒருவகை மடைத்தனம்தான். பஸ்ஸில் வரும்போது அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். நினைக்க நினைக்க அது சரியாக வரவில்லை.

பெப்ரவரி 25

நாலு வரிக் கடிதம். இரண்டு நாள் எடுத்தது. 'தவறு ஏற்பட்டுவிட்டது' என்று முதலில் எழுதினேன், ஏதோ மழை பெய்தது மாதிரி. கிழித்தேன். 'நான் அதைக் கையில் எடுத்துப் பார்க்கவில்லை' என்று எழுதினேன். கடைத் தாள், என் கையெழுத்து.

பெப்ரவரி 26, புதன்

கிழவரின் மகள் செலீன். ஐம்பத்தைந்து வயது, பள்ளிக்கூட ஆசிரியை. கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். பேபியைக் கட்டிப்பிடித்தாள். என்னைப் பார்த்தாள், கட்டிப்பிடிக்கவில்லை. நியாயம்.

நான் விலையைச் சொல்லத் தொடங்கினேன். எந்த ஏல நிறுவனம், எந்த மாதம், மினுக்கியதற்கு எவ்வளவு கழியும்.

"சரி, ஆனால் இது யாருடையது?" என்றாள்.

இப்போது உங்களுடையது என்றேன்.

"இல்லை. யாருடையது?"

கேள்வி எனக்கு விளங்கவே ஒரு நிமிடம் சென்றது. உலோகம், ஆண்டு, அச்சு, நிலை, விலை. என் தொழிலின் படிவத்தில் இந்தக் கேள்விக்கு இடம் கிடையாது. அவள் மாடிக்குப் போய் ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அவளுடைய பூட்டனார் வடக்கே ஜோர்ஜியன் விரிகுடாப் பக்கம் வைத்தியராக இருந்தவராம். படத்தில் அவர் தொப்பியோடு நிற்கிறார். பக்கத்தில் கதிரையில் ஒரு வயதான பழங்குடித் தலைவர். அவர் நெஞ்சில் பதக்கம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கன்னம் உள்ளே போயிருந்தது.

எப்படி அந்த நெஞ்சிலிருந்து இந்த வீட்டுக்கு வந்ததென்று செலீனுக்குத் தெரியாது. சொல்லும்போது முகம் சிவந்துவிட்டது. படத்தின் பின்னால் தலைவரின் பெயர் பென்சிலில் இருந்தது.

மார்ச் 3, திங்கள்

யானிக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு வேலை போய்விட்டது.

"பிழை விட்டது பரவாயில்லை, எல்லோரும் விடுகிறோம்" என்றார். "ஆனால் அது திரும்ப உன் கைக்கு வந்தது. ஏன் கடைக்குக் கொண்டு வரவில்லை? பிழை விட்டேன் என்று என் தாளில் எழுதி, ஊருக்குக் காட்ட உனக்கு யார் சொன்னது?"

இருபத்திரண்டு வருடம் இந்த மனிதர் ரிஷு நீட்டுவதைப் பார்த்து இரக்கமுள்ளவர் என்று நினைத்திருந்தேன். ரிஷு பெட்டி ஒன்று இரண்டு டொலர். லென்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். அது என் சொந்தக் காசில் வாங்கியது.

மார்ச் 9

றூபனின் புது வீடியோ: 'நிபுணரா? திருடரா?' எல்லாவற்றையும் பேபி அக்காதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறா. கேட்டானாம், அதனால் சொன்னாவாம். அவவுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது ஒரு வியாதி போல இருக்கிறது.

அவன் சொன்னதில் முக்கால்வாசி பொய். பதக்கத்தைத் தானே கண்டுபிடித்தானாம். மீதிக் கால்வாசி உண்மை. மூன்று நாள், லாச்சிக்குள்.

கீழே கருத்துகள். வாசித்தேன். எல்லாவற்றையும் வாசித்தேன்.

ஏப்ரல் 12

பிறம்ரன் களஞ்சியசாலையில் மூன்றாவது கிழமை. பெட்டி வருகிறது, ஒட்டியிருப்பதை ஸ்கேன் பண்ணு, தள்ளு. மேற்பார்வையாளன் என்னைவிட முப்பது வயது குறைந்தவன். பெட்டியை எப்படித் தூக்குவது என்று எனக்கு நாலு நாள் பாடம் எடுத்தான். அவனே முதுகைப் பிடித்துக்கொண்டுதான் திரிகிறான்.

பேபி அக்காவுக்கு ஏஜென்சி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததாம். செலீன் நேரில் போய்ச் சண்டை பிடித்து அதைக் கிழிப்பித்திருக்கிறாள். இப்போது வேறொரு கிழவியைப் பார்க்கிறா அக்கா, பேர்ச்மவுண்டில். முழங்கால் அப்படியே.

பதக்கத்தை அந்தத் தலைவரின் குடும்பத்திடம் சேர்க்க வழி கேட்டு செலீன் எழுதிய இரண்டு பெரிய அருங்காட்சியகங்கள் பதில் போடவில்லை. படித்தவர்களின் அலட்சியத்துக்குத் தனி மணம் உண்டு. நான் அந்தத் தலைவரின் பெயரை வைத்துக்கொண்டு, சனிக்கிழமைகளில் நூலகத்தில் பழைய பதிவுகளைத் தேடி வருகிறேன். சம்பளம் இல்லை. ஏன் தேடுகிறேன் என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது.

மே 6

கிடைத்தது. நடாஷா என்று ஒரு பெண். அந்தத் தலைவரின் வழியில் ஐந்தாம் தலைமுறை. வடக்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாளாம். செலீன் தொலைபேசியில் பேசினாள். பதக்கத்தைப் பற்றிச் சொல்லி முடிக்குமுன்னமே, "இடது கன்னம் உள்ளே போயிருக்கிறதா?" என்று நடாஷா கேட்டிருக்கிறாள்.

ஜூன் 14, சனி

நடாஷாவின் வீட்டுக்கு ஐந்து மணித்தியாலக் கார்ப் பயணம். செலீன் ஓட்டினாள். பேபி அக்கா முன்னுக்கு, மடியில் இடியப்பப் பெட்டி. வடக்கே போகிறவர்களுக்குப் பசிக்கும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். நான் பின்னுக்கு.

வாசலிலேயே நின்றுவிடலாம் என்றுதான் போனேன். விடவில்லை. சின்ன வீடு, உள்ளே பதினெட்டுப் பேர். நடாஷா பதக்கத்தை வாங்கிக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனாள். போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தாள், அவர் அடுத்தவரிடம். வீடு முழுக்கச் சுற்றி வந்தது. ஒரு சின்னப் பிள்ளை மணந்து பார்த்தாள். ஒரு சாமானை அவ்வளவு நேரம் வேறு கைகளில் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தது என் வாழ்க்கையில் முதல் தரம்.

"ஒரு பக்கம் ஏன் மினுங்குகிறது?" என்று ஒருவர் கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் பேபி அக்கா தன் இங்கிலீசில் சொன்னா: "எங்கட பெடியன் ஒருத்தன். நல்ல பெடியன். புத்திதான் கொஞ்சம் குறைவு." என்னைத் திரும்பிப் பார்த்தா. "இவர் இன்னொருத்தர்."

வீடு சிரித்தது. நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மீன் சூப்பும் ரொட்டியும் தந்தார்கள். இடியப்பத்தைச் சூப்பில் தோய்த்துச் சாப்பிட்டார்கள். பார்க்கச் சகிக்கவில்லை, ருசியாக இருந்தது.

திரும்பும்போது பரி நகரத்தைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது. அந்த வீட்டில் இன்று அதன் விலையை ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மறைக்கவில்லை. நினைவே வரவில்லை.

திங்கள் காலை ஆறு மணி ஷிப்ட். அந்த மேற்பார்வையாளன் இன்னும் மடையன்தான்.